முதல் வீடு வாங்குபவர் நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: சென்னையில் முதல்முறையாக வீடு வாங்கப் போகிறோம். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் ரீசேல் ஃபிளாட், பட்ஜெட் 70 லட்சம். நம்பகமான புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது? கமிஷன் எவ்வளவு கொடுக்கலாம்? மாமனார் அவருக்குத் தெரிந்த ஒருவரையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்:

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். புரோக்கர்கள் வழியாக வரும் பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. சில புரோக்கர்கள் கொண்டுவரும் ஃபைலில் எல்லாம் வரிசையாக இருக்கும். சிலருடைய ஃபைல் மேஜைக்கு வந்தாலே எங்கள் வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கமிஷன் கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ரீசேல் வீட்டுக்குச் சென்னையில் வாங்குபவரிடம் வழக்கமாக 1 சதவீதம், சிலர் 2 சதவீதம் வரை கேட்பார்கள். விற்பவரிடமும் தனியாக வாங்குவார்கள். 70 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் 70,000 ரூபாய். இப்போது ஓனர் 3 லட்சம் குறைக்கிறார் என்று வையுங்கள். உங்கள் பக்கத்துக் கமிஷனில் புரோக்கருக்குக் குறைவது வெறும் 3,000. ஆனால் வியாபாரமே முறிந்தால் 70,000-மும் போச்சு, ஓனர் பக்கத்துக் காசும் போச்சு. ஆக, விலை கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் பெரிய விஷயமில்லை. முடிய வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும். இரண்டு தரப்பில் யார் சுலபமாக இறங்கி வருவார்களோ அவர்களிடம்தான் அவர் அழுத்திப் பேசுவார். முதல் வீடு வாங்குபவர்தான் பெரும்பாலும் அந்த ஆள்.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் பெட்ரோல் போட்டு வீடு காட்டி, ஒன்றும் முடியாமல் போகும் பிழைப்பு அது. ஆனால் நல்ல புரோக்கர் யார் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. முடியக் கூடாத வியாபாரத்தை முடிக்காமல் விடுகிற ஆள்தான் நல்ல புரோக்கர். இனிமையாகப் பேசுவது, கார் அனுப்புவது, கண்ணாடி போட்ட ஆபீஸ் வைத்திருப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் மாதிரி தளங்களை விலை நிலவரம் தெரிந்துகொள்ளப் பாருங்கள், தப்பில்லை. ஒரே ஃபிளாட்டை நான்கு பேர் நான்கு விலைக்குப் போட்டிருப்பதும் தெரியவரும். ஆளைத் தேர்ந்தெடுக்க அது போதாது. நீங்கள் பார்க்கும் ஏரியாவில் வங்கிகளுக்கு லீகல் பார்க்கும் வக்கீல்கள் இருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றி ஆவண எழுத்தர்கள் இருப்பார்கள். யார் கொண்டுவரும் பேப்பர் சுத்தமாக இருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். "இந்தப் பக்கம் யாரை நம்பிப் போகலாம்?" என்று கேட்டால் ஒன்றிரண்டு பெயர் சொல்வார்கள். அதைவிட முக்கியம், யார் பெயரைச் சொன்னால் அவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது வழி, அதே தெருவில் கடந்த ஓரிரு வருடத்தில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள். அசோசியேஷன் செயலாளரைக் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவார். வீடு வாங்கி முடித்தவர் புரோக்கரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வார், அவருக்கு இனி பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு புரோக்கரைச் சந்திக்கும் முன் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. வங்கிக்குப் போய், சம்பளச் சான்று காட்டி, எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சம். 70 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 56 லட்சம். மீதி 14 லட்சம் கைக்காசு. ரீசேலுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 70 லட்சத்துக்கு 6.3 லட்சம். இது கடனில் வராது. அதாவது கமிஷன், வக்கீல், பெயிண்ட் எல்லாம் சேர்க்காமலே 20 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும். உங்கள் 70 லட்சம் பட்ஜெட் என்பது வீட்டு விலை மட்டுமா, இதெல்லாம் சேர்த்தா என்று முதலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். புரோக்கரிடம் சொல்லும்போது உச்ச வரம்பைச் சொல்ல வேண்டாம். 65 என்று சொல்லுங்கள், 70-க்கு வீடு காட்டுவார். 70 என்று சொன்னால் 76-க்குக் காட்டிவிட்டு "பேசிக்கலாம் சார்" என்பார்.

சரி, ஆளைச் சந்திக்கிறீர்கள். எப்படி எடைபோடுவது? "எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?" என்ற கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் காட்டும் முதல் வீட்டை வைத்தே சோதித்துவிடலாம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் என்றால் முதல் கேள்வி தண்ணீர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, கரண்ட் எப்போது வந்தது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஏரியா இது. ஏரிகளும் கால்வாய்களுமாக இருந்த இடம். அடுத்தடுத்த தெருவுக்கே வித்தியாசம் இருக்கும். நல்ல புரோக்கர், "பார்க்கிங்ல முழங்கால் அளவு வந்துச்சு, பைக்கெல்லாம் போச்சு, வீட்டுக்குள்ள வரல, மூணாம் நாள்தான் வடிஞ்சுது" என்று சொல்வார். "இங்கெல்லாம் தண்ணியே நிக்காது சார்" என்று ஒரே வரியில் முடித்தால் சிரித்துவிட்டு, அப்புறம் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் எதிர் மளிகைக் கடையிலும் கேளுங்கள். சுவரில் ஈரம் ஏறிய கோட்டையும் பாருங்கள், புது பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி யுடிஎஸ். அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. வருடம் ஆக ஆகக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும். பழைய ஃபிளாட்டில் நீங்கள் நிஜமாக வாங்குவது இந்தப் பங்கைத்தான். 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு யுடிஎஸ் 450-ஆ, 280-ஆ என்பதில் விலையே தலைகீழாக மாறும். ரீசேல் பார்க்கும் புரோக்கர் இதை ஃபைலைப் பார்க்காமலே சொல்ல வேண்டும். "அது பத்திரத்துல இருக்கும் சார்" என்றால் அவரே இன்னும் பத்திரத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நடுவில் இன்னொரு புரோக்கர் இருக்கிறார், ஒருவேளை அதற்கும் மேலே இன்னொருவர். இப்படிக் கைமாறி வரும் வீடுகள் ஏராளம். "ஓனர்கிட்ட நேரடியா பேசியிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பிளான். ஸ்டில்ட் (தரைத்தளத்தில் தூண்கள் மட்டும் உள்ள பார்க்கிங்) பிளஸ் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி, மேலே மூன்றாவது மாடியை ஏற்றிவிட்ட கட்டடங்களை எங்கள் மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறேன். விலை சந்தையைவிட நான்கைந்து லட்சம் குறைவாக இருக்கும். நல்ல வெளிச்சம், காற்று, மொட்டை மாடிக்குப் பக்கம். கடனுக்கு வரும்போதுதான் அனுமதி பெற்ற பிளானில் அந்த மாடியே இல்லை என்பது தெரியும், வங்கி கைவிரித்துவிடும். டோக்கன் அட்வான்ஸ் அதற்குள் ஓனர் கைக்குப் போயிருக்கும். இது புரோக்கருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. "இதுக்கு முன்னாடி யாராவது லோன் போட்டுப் பார்த்தாங்களா, எந்த பேங்க், என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும்.

இந்த மூன்றிலும் தேறினால், பேப்பர் கேளுங்கள். பத்திர எண், வருடம், எந்த சார்பதிவாளர் அலுவலகம், இந்த மூன்றும் கிடைத்தால் போதும். பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடலாம், காசு கிடையாது. பெரும்பாலும் 1975 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். கடைசியாக யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, வங்கியில் அடமானம் இருக்கிறதா, அடைத்த ரசீது பதிவாகியிருக்கிறதா, அக்ரிமெண்ட் ஏதாவது ரத்தாகாமல் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். புரோக்கர் சொன்ன ஓனர் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இல்லாமல், "பவர் வச்சிருக்கார் சார், ஒண்ணும் பிரச்சினையில்ல" என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பவர் பத்திரம், அதாவது ஓனர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அது மட்டும் இருந்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று வக்கீல் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஒரு அடிகூட முன்னால் போகக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் வரும். பல புரோக்கர்கள் பத்திர ஜெராக்ஸில் எண்ணையும் கதவிலக்கத்தையும் விரலால் மறைத்துப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். மோசடி என்று உடனே நினைத்துவிடாதீர்கள். விவரத்தை வாங்கிக்கொண்டு நேரே ஓனரிடம் போய் முடித்துவிட்டு, கமிஷன் தராமல் நழுவும் பார்ட்டிகளை அவர்கள் நிறையப் பார்த்தவர்கள். அந்தப் பயத்தை நீங்களே போக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: "இன்று நீங்கள் காட்டிய இன்ன தெரு ஃபிளாட்டை வாங்கினால் உங்கள் மூலமாகத்தான் வாங்குவேன், பதிவு நாளன்று இவ்வளவு கமிஷன் தருவேன்." இப்படி எழுதிக் கொடுத்த பிறகும் எண்ணை மறைத்தால் அவரை விட்டுவிடலாம். அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஜெராக்ஸ் என்று சொல்பவரையும்.

கமிஷனைச் சதவீதமாகப் பேசாமல் மொத்தத் தொகையாகப் பேசுவது என் விருப்பம். 70,000 என்றால் 70,000, விலை 66-க்கு இறங்கினாலும் அதே. அப்போது உங்களுக்காக விலை பேசுவதில் அவருக்கு அந்தச் சின்ன நஷ்டமும் இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், கேட்ட விலையிலிருந்து குறையும் ஒவ்வொரு லட்சத்துக்கும் கூடுதலாக இவ்வளவு என்று பேசுபவர்களும் உண்டு. கெட்ட யோசனை இல்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் என்றால் 18 சதவீதம் தனியாகக் கேட்பார், உட்படவா தனியா என்பதை முதலிலேயே கேளுங்கள். எப்போது கொடுப்பது? பாதி அக்ரிமெண்ட் அன்று, பாதி பதிவு அன்று என்பது நடைமுறையில் இருக்கிறது. முடிந்தவரை பெரும்பகுதியைப் பதிவு நாளுக்குத் தள்ளுங்கள். பேசிய காசைப் பதிவு முடிந்த அன்றே, முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் பேரம் பேசுவது நாகரிகம் இல்லை. மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரிக்குப் பெயர் மாற்ற அவர் உதவியும் தேவைப்படும்.

கமிஷனைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "எனக்குக் கையில 62 வந்தா போதும், மேல நீ பார்த்துக்கோ" என்று சில ஓனர்கள் புரோக்கரிடம் சொல்லிவிடுவார்கள். புரோக்கர் உங்களிடம் 70 சொல்வார். மேலே தொட்ட கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் இப்போது விலையில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் அவருடையது. அடையாளம் என்ன தெரியுமா? ஓனரையும் உங்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கவே மாட்டார். ஓனர் ஊரில் இல்லை, ஓனருக்கு உடம்பு சரியில்லை, ஓனருக்குப் பேரம் பேசினால் பிடிக்காது. அதனால், விலை படிவதற்கு முன் ஓனருடன் ஒரு சிட்டிங் கண்டிப்பாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க" என்ற வசனம் எப்படியும் வரும். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். "வந்தா கொடுத்துடுங்க, எனக்கு லீகல் முடிஞ்சாதான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேளச்சேரியில் ஃபிளாட்டுக்குப் பஞ்சமில்லை.

டோக்கன் கொடுக்கும் நிலைக்கு வந்தால், காசு புரோக்கர் கையில் போகக் கூடாது. ஓனரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். சொத்து வியாபாரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2015-லிருந்து வருமான வரிச் சட்டப்படி தடை. ரசீதில், "வழக்கறிஞர் கருத்து சாதகமாக இல்லாவிட்டாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். இந்த வரியை எழுதச் சொன்னதும் புரோக்கர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஓனரிடம் எடுத்துச் சொல்லி எழுதி வாங்கித் தருபவர் உங்களுக்கும் கொஞ்சம் வேலை செய்கிறார். "அதெல்லாம் எழுதுனா ஓனர் கோச்சுக்குவார்" என்பவர் செய்யவில்லை.

அதேபோல் பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்ற பேச்சை புரோக்கரே ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் பதிவுச் செலவு மிச்சம் என்பார். ஆனால் வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கடன் தரும், கறுப்புக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அந்தக் குறைந்த விலைதான் உங்கள் கொள்முதல் விலை. லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் உங்கள் தலையில்.

வக்கீல் மட்டும் உங்கள் ஆளாகவே இருக்கட்டும். "நம்ம வக்கீல் இருக்கார், 2,000-க்கு முடிச்சுடுவார்" என்று புரோக்கர் சொல்வார். அந்த வக்கீலுக்கு மாதாமாதம் கேஸ் கொண்டுவருவது நீங்களா, அவரா? வங்கி தன் பங்குக்கு லீகல் பார்க்கும், ஆனால் அது கடனைக் காப்பாற்றுவதற்கு. தாய்ப் பத்திரத்திலிருந்து 30 வருடத் தொடர்ச்சியைப் பார்க்கத் தனியாக ஒருவருக்குச் சில ஆயிரம் செலவழியுங்கள். வாரிசுச் சான்றிதழில் இருக்கும் எல்லாரும், குறிப்பாக வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள், கையெழுத்துப் போடுகிறார்களா என்பதை அவர் பார்ப்பார். "அக்கா வந்து போட்டுடுவாங்க சார்" என்ற வாய்வார்த்தையை நம்பி அக்ரிமெண்ட் போட்டுவிட்டு, அக்காவுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறாரா என்பதையும் புரோக்கரிடம் நேரடியாகக் கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சம் முதல் மேலே உள்ள சொத்துக்கு 1 சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். என்ஆர்ஐ என்றால் பிடித்தம் அதைப்போல் பல மடங்கு, நடைமுறையும் வேறு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது உங்களைத்தான். ஆடிட்டர் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

எத்தனை புரோக்கர் வைத்துக்கொள்ளலாம்? இரண்டு மூன்று பேர் போதும், எல்லாரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். எந்த வீட்டை யார் முதலில் காட்டினார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டாமவர் அதே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், உள்ளே போகாமலே "இதை ஏற்கெனவே ஒருத்தர் காட்டிட்டார்" என்று சொல்லிவிடுங்கள். பதிவு நாளன்று அலுவலக வாசலில் இரண்டு புரோக்கர்கள் சண்டை போடுவதைத் தவிர்க்க அதுதான் வழி.

ரீசேல் வேண்டாம், புது ஃபிளாட் என்று மனம் மாறினால் கதை வேறு. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ, எட்டுக்கு மேல் வீடுகளோ உள்ள திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும், அதை விற்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். பதிவில்லாமல் விற்கும் முகவருக்கு நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2016 சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே கமிஷனைக் கட்டுநரே கொடுத்துவிடுவதால் உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் யார் அதிகம் தருகிறாரோ அந்தத் திட்டத்துக்குத்தான் உங்களை முதலில் கூட்டிப்போவார்கள். தனிப்பட்ட ரீசேல் வீடுகளை விற்றுத் தருபவருக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. எனவே உங்கள் புரோக்கரிடம் ரெரா எண் இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். எண் இருக்கிறது என்பதற்காக நம்பவும் வேண்டாம்.

கடைசியாக, மாமனார் சொன்ன ஆள். தெரிந்தவர் என்பதில் ஒரு வசதி உண்டு, ஏமாற்றிவிட்டு ஓடிப்போக முடியாது. ஒரு தொந்தரவும் உண்டு. அவர் காட்டிய வீட்டை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது, லீகலுக்குத் தனி வக்கீல் என்றால் "என்ன மாப்பிள்ளை, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். அவரைப் பாருங்கள், ஆனால் மாமனாரை வைத்துக்கொண்டே முதல் நாளில் இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: கமிஷன் இவ்வளவு, வக்கீல் எங்கள் வக்கீல். மாமனார் முன்னால் ஒப்புக்கொண்டதை அப்புறம் மாற்றிப் பேசுவது அவருக்கும் கஷ்டம். அதற்கப்புறம் தண்ணீர், யுடிஎஸ், பிளான் மூன்றையும் மற்றவர்களிடம் கேட்பது போலவே கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அவரையே வைத்துக்கொள்ளலாம், வெளியே தேட வேண்டியதில்லை. மழுப்பினால், "வேறு ஏரியா பார்க்கிறோம்" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.